தூங்கவிடாத நல்லவர்கள்

என் கணவர் என்னைச் சந்தேகப் பிராணி என்பார். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மீன்காரர் சிரித்துப் பேசினால் இன்னொரு தடவை தூக்கிப் பார்ப்பேன். மலாக்காவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் இந்தக் குணத்தை வைத்துத்தான் காலத்தை ஓட்டினேன். இப்போது பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். சந்தேகப்பட ஆள் குறைந்துவிட்டதால் அவர்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

புதிதாக ஆலோசக அறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பயிற்சியில் உங்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளையை நம்ப வேண்டும், குறுக்கே பேசக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். நான் அதையெல்லாம் மறுக்கவில்லை. பிள்ளையைத் தாராளமாக நம்புங்கள். ஆனால் பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் காரணத்தை நம்பாதீர்கள். அதிலும் வகுப்பில் தூங்குகிற பிள்ளையைப் பற்றிச் சொல்லும் காரணத்தை நம்பவே நம்பாதீர்கள்.

தூங்குகிற பிள்ளை சுலபமான கேஸ் என்று தோன்றும். ஆசிரியர் அறையில் கேட்டுப் பாருங்கள், கோப்பித் தண்ணீர் ஆறுவதற்குள் ஆளுக்கொரு பதில் வந்துவிடும். ஹேண்ட்போன், கேம், காதல், சோம்பல், வீட்டில் கண்டிப்பு இல்லை. பிறகு யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, மாத்திரை கீத்திரை ஏதாவது சாப்பிடுகிறதோ என்னவோ என்பார். இந்தப் பதில்களில் பாதி உண்மையாகவே இருக்கும். ஆபத்தே அங்கேதான். பாதி நேரம் சரியாக வருகிற பதிலை யாரும் மறுபடி சோதித்துப் பார்ப்பதில்லை.

பரிதாபமான காரணமும் இப்படித்தான் ஏமாற்றும். உம்பாய் என்ற ஊரிலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். கடலோரத்தில் மீன் சுட்டு விற்கும் கடை ஒன்றில் அவன் அப்பாவுக்கு வேலை. முதல் பாடத்திலேயே மேசையில் கவிழ்ந்துவிடுவான். பாவம், கடை சாத்தும் வரைக்கும் தட்டு கழுவுகிறான் போல என்று எங்கள் ஆசிரியர்கள் உருகிப்போனார்கள். ஒருவர் அரிசி மூட்டைகூட வாங்கிக் கொடுத்தார். எனக்கு அவன் கைமேல் சந்தேகம். தினமும் சவர்க்காரத் தண்ணீரில் ஊறுகிற கை அவ்வளவு பூப்போல இருக்குமா? அவன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன்.

“யாரு, இவனா தட்டு கழுவுறான்? வீட்டுல சாப்ட தட்டயே கழுவ மாட்டான் டீச்சர்,” என்றார் அவர்.

போர்வைக்குள் கேம் விளையாடியிருக்கிறான். அரிசி மூட்டை என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. நம்மை உருக வைக்கும் கதையையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் புரிந்துகொண்டேன். இப்போது தர்ஷினியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுடைய கதை நீளமானது.

தர்ஷினி ஐந்தாம் படிவத்தில் அறிவியல் பிரிவு மாணவி. கீழ்ப் படிவங்களில் நன்றாகப் படித்தவள். பேச்சுப் போட்டிக்கு யாரை அனுப்பலாம் என்று கேட்டால் எல்லோரும் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். ஐந்தாம் படிவத்துக்கு வந்த பிறகு ஆளே மாறிப்போனாள். மதிப்பெண்கள் சரிந்தன. தோழிகளிடம் சிடுசிடுத்தாள். கேண்டீனில் யாரோ தெரியாமல் அவள் மைலோ பானத்தைத் தட்டிவிட்டதற்குத் தேம்பித் தேம்பி அழுதாள். பௌதிகப் பாடத்தில் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறாள் என்று ஆசிரியை புகார் சொன்னார். அரையாண்டுத் தேர்வில் விடைத்தாள்மேல் தலையை வைத்துத் தூங்கியேவிட்டாள். பேனாக் கோடு ஒன்று தாளின் ஓரம் வரைக்கும் இழுபட்டுக் கிடந்தது.

ஒரு நாள் கட்டொழுங்கு ஆசிரியர் குமரன் சார் என் அறைக்கு வந்து, கையிலிருந்த டிஷ்யூவை மேசைமேல் விரித்தார். உள்ளே இரண்டு பச்சை நிற மாத்திரைகள்.

“தர்ஷினி பென்சில் பாக்ஸ்லேருந்து விழுந்துச்சி டீச்சர். பேரு இல்ல, ஊரு இல்ல. என்னா மாத்திரன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது.”

குமரன் சாரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். முன்பு ஒரு பையன் போதை தரும் கெத்தும் இலைத் தண்ணீர் குடித்துப் பழகி, படிப்பையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தாலே முகர்ந்து பார்க்கத் தோன்றும் அவருக்கு. சந்தேகப்படுகிறவர்கள் என்ற முறையில் நாங்கள் இருவரும் ஒரே ஜாதி.

“வெள்ளிக்கிழம மீட்டிங் போடறேன். அப்பா அம்மாவ கூப்ட்டு, சிறுநீர் சோதனைக்கு அனுப்பிடலாம். தப்பு இல்லன்னா தெரிஞ்சிடப் போவுது.”

“ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னாடி அவங்க குடியிருக்கிற தாமான் முழுக்கத் தெரிஞ்சிடும் சார். அப்புறம் ஒன்னும் இல்லன்னு ரிசல்ட்டு வந்தா யாரு அத வீடு வீடா போயிச் சொல்லுவா?”

“நாளைக்கு அது வகுப்புல மயங்கி விழுந்தா நான்தான் பதில் சொல்லணும் டீச்சர். நீங்க இல்ல.”

அதுவும் நியாயம்தான். ஆனால் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் எல்லோரும் கையைத் தட்டிவிட்டு, அப்படியென்றால் ஹேண்ட்போன்தான் என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவள் தூங்கிக்கொண்டேதான் இருப்பாள். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வேறு ஏதாவது தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் பெயர் கெடும், பள்ளியை விட்டே போனாலும் போய்விடுவாள்.

அவளை அழைத்துப் பேசினேன். ஒன்றும் பெயரவில்லை. இத்தனை வருடங்களில் நான் கவனித்தது ஒன்று உண்டு. தப்பு செய்யாத பிள்ளைக்குக் கோபம் வரும். தப்பு செய்த பிள்ளைக்குப் பொய் வரும். தர்ஷினிக்கு இரண்டும் வரவில்லை. மாத்திரை யாருடையது, யாராவது கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எழுந்து போகும்போது மட்டும் ஒன்று கேட்டாள்.

“என்னய ஸ்கூல விட்டு நிறுத்திடுவாங்களா டீச்சர்?”

அதில் பயம் இல்லை. விடுமுறை எப்போது விடுவார்கள் என்று கேட்பதைப் போலக் கேட்டாள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மறுநாள் காலையில் நான் கொஞ்சம் முன்னதாகவே பள்ளிக்குப் போனேன். காரை நிறுத்தும்போது, பள்ளி கேட்டுக்கு வெகு முன்னாலேயே, பஸ் நிற்குமிடத்துக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பார்த்தேன். ஓட்டி வந்தவர் தர்ஷினியின் அப்பா. பின்னால் தர்ஷினி, அவர் முதுகில் சாய்ந்தபடி இருந்தாள். அவர் அவசரமாக அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் வயிற்றுக்கு முன்னால் இருந்த முடிச்சை அவிழ்த்தார். ஒரு துப்பட்டா. அதைக்கொண்டு தன் மகளைத் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவிழ்த்து, மடித்து, சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். அவள் தள்ளாடி இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளியை நோக்கி நடந்தாள்.

பதினேழு வயதுப் பெண்ணை எதற்காகக் கட்டிக் கூட்டி வர வேண்டும்? ஓடிப்போகப் பார்த்தாளா? வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்களா? ஏன் கேட்டுக்கு எதிரில் நிறுத்தாமல் மரத்தடியில் ஒளிந்து அவிழ்க்கிறார்? அந்த மனிதர் எப்போது பள்ளிக்கு வந்தாலும் பவ்வியமாகக் கைகட்டி நிற்பவர். அதுவே இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

சமூக நல இலாகாவின் எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கும். ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட நேரம் உங்களுக்கும் வரும், அதனால் நின்று சொல்கிறேன். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் அழையுங்கள். அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரு துணியும் ஒரு முடிச்சும்தான். மற்றதெல்லாம் நான் ஓட்டிப் பார்த்த படம். ரிசீவரை வைத்துவிட்டு, முதலில் தர்ஷினியை அழைத்து, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்து, “எங்கப்பாவா? சேச்சே,” என்றாள். அந்தப் பதில் ஒன்றுதான் அவளிடமிருந்து யோசிக்காமல் வந்தது. ரிசீவரை மறுபடி எடுக்கும் முன் அவள் அப்பாவிடம் ஒரு தடவை பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் காலை அந்த மரத்தடியில் நானே போய் நின்றேன். சேகர் என்பது அவர் பெயர், லோரி ஓட்டுநர். என்னைக் கண்டதும் அவர் கை முடிச்சின்மேலேயே நின்றுவிட்டது. தர்ஷினி எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட்டோடு அவர் முதுகில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளை எழுப்பி உள்ளே அனுப்பிய பிறகு கேட்டேன்.

“ஏன் தம்பி கட்டிட்டு வர்றீங்க?”

“கட்டலன்னா விழுந்துடும் டீச்சர்.” அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஒருக்கா ட்ராஃபிக் லைட்டுகிட்ட அப்படியே சாஞ்சிடுச்சி. கைய பிடிச்சிட்டேன். பின்னால லோரி. நானே லோரி ஓட்டுறவன், எனக்குத் தெரியும், மேலேருந்து பாத்தா மோட்டார் பக்கத்துல கீழ கெடக்கிறது தெரியாது. அதுக்கப்புறந்தான் கட்டுறேன். அதோட அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். குளிருக்குத் துப்பட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“ராத்திரியில ஹேண்ட்போன் பாக்குதா?”

“ஹேண்ட்போனா? வருஷ ஆரம்பத்துலயே வாங்கி அலமாரியில பூட்டிட்டோம். எம்பிள்ள மத்தது மாதிரி கெடயாது டீச்சர். படிக்குது. விடியக்காலையில எழுந்து படிக்குது.” பயந்துபோயிருந்த முகத்தில் சட்டென்று ஒரு பெருமை வந்தது. “படிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் தூக்கம் வரத்தானே செய்யும்?”

அந்தப் பெருமையைப் பார்த்ததும் என் சந்தேகம் அவரை விட்டு வேறு பக்கம் திரும்பியது. மகள் லோரிச் சக்கரத்துக்கு அடியில் போகவிருந்ததைப் பார்த்த மனிதர், துணி கொண்டுவந்து கட்டியிருக்கிறார். தூங்க விடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படித் தோன்றவிடாமல் செய்தது எது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அன்று மாலையே பத்து பெரண்டாம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாமானில் வரிசை வீடு. தர்ஷினியின் அம்மா பரமேஸ்வரி அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. அவருக்கும் என்மேல் சந்தேகம், டீச்சர் வீடு தேடி வந்தால் நல்ல சேதியாக இருக்காது என்று. சேகரும் வீட்டில் இருந்தார். தர்ஷினி ட்யூஷனுக்குப் போயிருந்தாள்.

கூடத்தின் மூலையில் படிக்கும் மேசை இருந்தது. மேலே சரஸ்வதி படம், பக்கத்தில் சின்ன விளக்கு. எல்லாம் பளிச்சென்று இருந்தன. மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தது. நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன், ஒழுகுகிறதோ என்று.

“ஒழுகல டீச்சர். அது காலு வைக்கிறதுக்கு,” என்றார் பரமேஸ்வரி. “பச்சத் தண்ணி ஊத்தி வச்சிடுவேன். கால வச்சிக்கிட்டா தூக்கம் வராது. நான் நாலு மணிக்கு எழுந்து சமைக்கிறப்ப அதயும் எழுப்பி, தலைக்குத் தண்ணி ஊத்தி, விளக்கு ஏத்தி உக்கார வச்சிடுவேன். வெறும் வயித்துல விடியக்காலையில படிச்சா மனசுல அப்படியே நிக்கும். நான் கம்பெனி வேன் ஏறுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் உள்ளே போய் ஒரு புட்டியைக் கொண்டுவந்தார்.

“ஞாபகசக்திக்கு டீச்சர். எங்க லைன்ல வேல செய்யிற அக்கா விக்கிறாங்க. அவங்க மவன் டாக்டருக்குப் படிக்கிறான்.”

புட்டியில் ஒட்டியிருந்த தாளில் ஒரு மரத்தின் படம் மட்டும் இருந்தது. உள்ளே என்ன என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அக்காவின் மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். அதை வெளியில் காட்டவில்லை.

அந்த இடத்தில் எனக்குப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று நாக்கு துடித்தது. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போய்விடும், இரவில் அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வராது, விடியற்காலைத் தூக்கம்தான் அந்த வயதுக்கு உண்மையான தூக்கம். பகலில் படித்தது மூளையில் தங்குவதே தூங்கும்போதுதான். தூக்கம் கெட்டால் முதலில் மார்க் போகாது, குணம் போகும். சிடுசிடுப்பும் அழுகையும் வந்த பிறகுதான் மார்க் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் விளக்கேற்றி, தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகும் அம்மாவிடம் போய் நீ செய்வது தப்பு என்றால் அவர் என்னைத்தான் வெளியே அனுப்புவார். அதனால் கேள்வி கேட்டேன்.

“இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்கேருந்தும்மா வந்துச்சி?”

அவர் முகம் தெளிந்தது. அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள். இருட்டோடு பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும் என்பதால் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே விடியுமுன் எழுந்துவிடும். எல்லோரும் எழுந்த பிறகு இவர் மட்டும் எப்படித் தூங்குவது? உட்கார்ந்து படித்தார். அந்த வரிசையில் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும் போன ஒரே பெண் இவர்தானாம்.

“எனக்கு ஏறுன படிப்பு எம்பொண்ணுக்கு ஏறாதா டீச்சர்? அதான் விடாம எழுப்புறேன்.”

“ஏறும்மா. அப்ப ராத்திரியில எப்பம்மா படுப்பீங்க?”

“ராத்திரியா?” அவர் சிரித்தார். “தோட்டத்துல ராத்திரின்னு என்னா இருக்கு. சீக்கிரம் லைட்ட நிறுத்திடுவாங்க. இருட்டுல என்னா செய்யிறது, எட்டு, எட்டரைக்கெல்லாம் சாப்ட்டுப் படுத்துடுவோம்.”

“தர்ஷினி எப்பம்மா படுக்குது?”

அவர் சேகரைப் பார்த்தார். சேகர்தான் மெதுவாகச் சொன்னார். “ட்யூஷன் முடிஞ்சி வரவே பத்தரையாவுது. சாப்ட்டுட்டு ஸ்கூல் வேலைய செய்யும். பன்னெண்டு, பன்னெண்டரை. செல நாளு ஒரு மணி.”

பரமேஸ்வரி மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. தோட்டத்து விடியலை மகளுக்குக் கொடுத்தவர், அதற்கு முந்தின இரவைக் கொடுக்க மறந்திருக்கிறார். டவுன் இரவும் தோட்டத்து விடியலும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு மிச்சம் வைத்தது மூன்று, நான்கு மணி நேரம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாமே பக்தியோடும் பாசத்தோடும் நடந்திருக்கிறது. அதனால்தான் யாருக்கும் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

ஆனாலும் அவர் லேசில் மடியவில்லை.

“எல்லாப் பிள்ளைங்களும் கஷ்டப்பட்டுத்தான் டீச்சர் படிக்குது. நீங்க சொல்றீங்கன்னு தூங்க விட்டு மார்க் கொறஞ்சா, வந்து பதில் சொல்லுவீங்களா?”

“சொல்றேம்மா. எம்மேல பழியப் போடுங்க.”

சொல்லிவிட்டேனே ஒழிய எனக்கும் நிச்சயம் இல்லை. எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார், நம்பலாமா என்று. அப்போது சேகர் வாயைத் திறந்தார்.

“பரமு, நான் இனிமே பிள்ளைய கட்டிக் கூட்டிட்டுப் போவ மாட்டேன்.”

“என்னா கட்டி?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ட்ராஃபிக் லைட், பின்னால் நின்ற லோரி, துப்பட்டா, குளிர் என்று சொன்ன பொய். அவர் கேட்டுக்கொண்டபடி நான் சொல்லவில்லை, அவரே உடைத்துவிட்டார். பரமேஸ்வரி அழவில்லை, கத்தவில்லை. குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பேசினை இழுத்துப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பரமேஸ்வரி அரைநாள் லீவு போட்டுவிட்டு மாத்திரைப் புட்டியோடு பள்ளிக்கு வந்தார். குமரன் சார் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மா சொல்றாங்கன்னு நம்பிடறதா டீச்சர்?”

“வேணாம் சார். நானும் நம்பல. கிளினிக்குல குடுத்துக் கேப்போம்.”

அரசாங்க கிளினிக்கில் இருந்த மருந்தாளர், என்ன இருக்கிறது என்றே எழுதாத மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று பரமேஸ்வரியை ஒரு பிடி பிடித்தார். தர்ஷினியையும் அங்கேயே டாக்டரிடம் காட்டினோம். சோகை இருக்கிறதா, வேறு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். தூக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம் இல்லையா, அதையும் விட்டுவிடக்கூடாது. ஒன்றும் இல்லை. குமரன் சார் கூட்டத்தைத் தள்ளி வைத்தார். தள்ளித்தான் வச்சிருக்கேன், விடல என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

இரவு ட்யூஷன் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. விடியற்காலைப் படிப்பு நின்றது. அந்த வாரக் கடைசியில் பரமேஸ்வரி எனக்குப் போன் செய்தார்.

“டீச்சர், பிள்ள எழுந்திரிக்கவே மாட்டேங்குது. மத்தியானம் ஆவுது. சூடு கீடு ஒன்னும் இல்ல. தூங்குது.”

“தூங்கட்டும்மா.”

“அது இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல டீச்சர். பயமா இருக்கு.”

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவரும் போனை வைக்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் அவர்கள் வீட்டைத் தொடர்ந்து சந்தேகப்பட்டேன். எழுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அம்மாக்கள் அடுப்படியில் சட்டி பானையை உருட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? சேகரைக் கேட்டேன். உருட்டவில்லையாம். ஆனால் நாலு மணிக்கு எழுந்து சமையலை முடித்துவிட்டு, மகளின் நாற்காலியில் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறாராம். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். தர்ஷினி இப்போது பள்ளி கேட்டுக்கு எதிரிலேயே வந்து இறங்கினாள்.

முன்னோட்டத் தேர்வு முடிவு வந்தபோது நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன், பழி என்மேல் அல்லவா. கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. பௌதிகம் நன்றாகவே ஏறியிருந்தது. வரலாறு இருந்த இடத்திலேயே இருந்தது. அதிசயம் எதுவும் இல்லை. தூங்கியதால் மட்டும் ஏறியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவள் மறுபடியும் தோழிகளோடு சேர்ந்து சாப்பிட்டாள், வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாள். பரமேஸ்வரி வந்து மார்க்கைப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை, பழியும் போடவில்லை. வரலாறு மட்டும் ஏன் ஏறல என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் தர்ஷினி தானாகவே என் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது அதைக் கேட்டேவிட்டேன்.

“அம்மா குடுத்த மாத்திரன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? உன்னய விட்டிருப்பாங்களே.”

“அதான் டீச்சர். விட்டிருப்பாங்க.”

“விட்டா நல்லதுதானே?”

“விட்டா திரும்பி வகுப்புக்குப் போவணும்.” அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எவ்வளோ படிச்சாலும் நிக்கல டீச்சர். ஒரு பக்கம் படிச்சி அடுத்த பக்கம் போனா மொதல் பக்கம் மறந்துடும். அம்மா எனக்காக எழுந்து விளக்கு வைக்கிறாங்க. அப்பா கட்டித் தூக்கிட்டு வர்றாரு. இவ்வளோ செஞ்சும் எனக்கு ஏறலன்னா நான் மக்குதானே? எஸ்.பி.எம். ரிசல்ட்டு வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். மாத்திர சாப்ட்டுச்சின்னு அதுக்கு முன்னாடியே ஸ்கூல விட்டு நிறுத்திட்டா, கெட்டுப்போச்சின்னு சொல்லுவாங்க. மக்குன்னு சொல்ல மாட்டாங்கல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. குமரன் சார் மாத்திரையைச் சந்தேகப்பட்டார், ஆசிரியர்கள் ஹேண்ட்போனைச் சந்தேகப்பட்டார்கள், நான் ஓர் அப்பாவைச் சந்தேகப்பட்டேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சந்தேகப்பட்டதைவிட அதிகமாக அந்தப் பிள்ளை தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள். கெட்டவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகத் தயாராக இருந்திருக்கிறாள். உங்கள் அறைக்குத் தூங்கி வழிந்துகொண்டு ஒரு பிள்ளை வந்தால், மார்க்கைப் பார்ப்பதற்கு முன் தன்னைப் பற்றி அது என்ன முடிவுக்கு வந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த முடிவைச் சந்தேகப்படுங்கள்.

மணி அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள்.

“நான் மக்கு இல்லதானே டீச்சர்?”

“இல்ல. நீ தூங்காத பிள்ள. அவ்வளவுதான்.”